மூன்று லட்சம் பேர் பார்த்த சட்டைகள்

நாற்பத்தொரு நாள் கூலி. என் சலவைக் கடையில் ஒன்பது வருடம் இஸ்திரி போட்ட ஒருவருக்கு நான் பாக்கி வைத்த கடன் அது. வாழ்நாளில் யாருக்கும் சல்லிக் காசு பாக்கி வைத்ததில்லை என்று மேடை ஏறிப் பேசியவன் நான். அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கச் சொல்லிச் செயலாளர் நான்கு தடவை ஆள் அனுப்பினார். எழுதுவதற்கு என்ன குறைச்சல்? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பதினோரு வயதில் அடுத்தவர் வீட்டு அழுக்கை வாளியில் சுமந்தேன். இன்று மூன்று பெரிய மெஷின், இரண்டு வண்டி, சொந்தக் கட்டடம். என்னைப் பார்த்தால் பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். இந்த ஊரில் கோட்டுப் போட்டவன் எவனும் என் கடைக்கு வராமல் மாப்பிள்ளை ஆனதில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரிந்தது என்பதால் இதோடு விடுகிறேன். நான் எழுதப் போவது என் தம்பி மகளைப் பற்றி.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பால் பல் விழும் முன்பே வாதாடத் தொடங்கியவள். படிப்பதென்னவோ வேதியியல். கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நான்கு ஸ்டாப்தான் என்பதால் தம்பி அவளை எங்களிடம் விட்டான். தினமும் நான்கு மணிக்குக் கல்லூரி விட்டதும் கடைக்கு வந்து ஏழு மணி வரை கவுண்டரில் உட்காருவாள். டோக்கன் கிழிப்பாள், கறையைப் பார்த்து இது எண்ணெயா மையா என்று சொல்லுவாள். கறை விஷயத்தில் நான் அவளுக்குக் குரு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மையில் எந்தக் கறைக்கு எந்தத் திரவம் என்று இப்போது அவளைக் கேட்டுத்தான் ஊற்றுகிறேன்.

முதல் வருடம், மூன்றாவது மாதம், ஆய்வுக்கூடத்தில் கூடப் படிக்கிற ஒருத்தி இவளிடம் அழுக்குக் குடுவைகளைத் தள்ளிவிட்டு, "நீயே கழுவு. உங்க ஆளுங்க எங்க அழுக்கைத் துவைக்கத்தானே வந்தீங்க" என்றாளாம். இருபது பேர் சிரித்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்து பெரியம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், மறுநாள் எழுந்ததும் செல்போனில் ஒரு பக்கம் தொடங்கினாள். பெயர், "நம்ம பக்கம்".

நல்ல வேலைதான் செய்தாள். நம் தெரு ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பஸ்ஸை எட்டு நாள் தொடர்ந்து படம் பிடித்துப் போட்டாள். ஒன்பதாம் நாள் பஸ் நின்றது. நம்மவர்களுக்கு வீடு கிடையாது என்று பலகை வைத்திருந்த வீட்டுக்காரன் பலகையைக் கழற்றினான். எட்டாயிரம் பேர் அவள் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் போனைக் காட்டுவேன். "எங்க வீட்டுப் பொண்ணு. என் ரத்தம். வாய் மட்டும் என்னைவிடப் பெருசு."

பிறகு எண்ணிக்கை நகராமல் நின்றுவிட்டது. நான் கல்லாவைப் பார்ப்பதுபோல அவள் அந்த எண்ணைப் பார்க்கத் தொடங்கினாள்.

"கோபமாப் பேசினா ஓடுது பெரியப்பா. சும்மாப் பேசினா நொண்டுது."

"அப்ப கோபமாவே பேசு."

இந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். மறைக்கவில்லை.

தினமும் கோபப்பட ஆள் வேண்டுமே. கல்லூரிப் பெண்களைத் திட்டினால் மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களைத் திட்டினால் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நமக்கு இருபது வருடம் பின்னால் வந்தவர்கள். வேறு இனம், வேறு பாஷை. நம்மைக் கறுப்பு என்று சொல்லும் ஊரில் நம்மைவிடக் கறுப்பாக ஒரு கூட்டம் வந்து இறங்கியதில் நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல். எனக்கும் இருந்தது. "நம்ம வேலைய எடுத்துக்கிறாங்க, நம்ம தெருவைக் கெடுக்கிறாங்க" என்று வக்கீல் பேசினாள். எட்டாயிரம் பன்னிரண்டாயிரமானது.

என் கடை இஸ்திரிக்காரர் அந்தப் பாலத்துக்காரர்தான். ஆள் உயரம். இஸ்திரி அறைக்குள் குனிந்துதான் நுழைவார், அதனால் நெட்டை என்று அழைப்போம். அவர் பெயர் இரண்டு மூச்சு நீளம். எனக்கு நாக்கு வளையாது. முன்பெல்லாம் அவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுத்துப்பிழை பார்க்க வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர் என்று எழுதுகிறேன். என்னிடம் கேட்டுக் கேட்டே நம் பாஷையைக் கற்றவர். நான் அவரிடம் பேசியதெல்லாம் எடு, வை, மடி, போ. அதனால் அவர் பேசுவதும் அப்படித்தான் இருக்கும். ஜில்லா அதிகாரி வந்தாலும் "உக்காரு, துணி குடு" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் கோபித்ததில்லை.

ஒரு நாள் ஏழு மணிக்குக் கடை மூடும் நேரம். நெட்டை அலமாரியிலிருந்து நான்கு சட்டைகளை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவதை வக்கீல் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் பிடித்தாள். "நம்ம உப்பைத் தின்னுட்டு நம்ம வீட்டிலேயே கை வைக்கிறான்" என்று சொல்லிப் போட்டாள். நான்கு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

படம் வந்த மறுநாள் காலையிலேயே எல்லார் எதிரிலும் அவரை நிறுத்தினேன்.

"பையில என்னடா கொண்டு போன?"

"சட்டை."

"எதுக்கு?"

அவர் இஸ்திரி அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த நான்கு சட்டைகளும் இஸ்திரி கலையாமல் அலமாரியில் திரும்பி உட்கார்ந்திருந்ததை நான் எட்டிப் பார்க்கவில்லை.

"வெளிய போ."

"கூலி?"

எங்கள் கடையில் முதல் மாதக் கூலி பிடித்தம், வேலையை விட்டுப் போகும்போது தருவோம். அது முப்பது நாள். அந்த மாதம் அவர் வேலை செய்தது பதினோரு நாள்.

"திருடனுக்கு என்ன கூலி?"

வண்டி ஓட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். அவர் வாசலில் குனிந்தார், போனார்.

அந்த வாரம் வக்கீல் ராணி மாதிரி இருந்தாள். சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு மாலை, போனைப் பார்த்தபடியே கவுண்டரில் அசையாமல் இருந்தாள். அவள் எடுத்த படத்தை இந்த ஊர்க்காரர்கள் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கடைப் பலகை தெரிகிறது. கீழே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். "கடைக்காரனும் திருடன், வேலைக்காரனும் திருடன், எல்லாம் ஒரே கூட்டம். துணி போடாதீர்கள்."

"பெரியப்பா, இவங்களுக்கு நாமளும் நெட்டையும் ஒரே ஆளு."

"கண்ணு தெரியாதவனுங்க" என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புது இஸ்திரிக்காரன் நம் ஆள்தான், என் மச்சினன் சொல்லி வந்தவன். முதல் வாரம் பதினோரு பட்டன் உடைத்தான். பள்ளித் தலைமை ஆசிரியர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் போட்டார்.

"ஒன்பது வருஷமா உங்க கடையில ஒரு பட்டன் போனதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். என் மானத்தையும் சேர்த்து வாங்கிட்டீங்களே!"

என் கடையின் பெருமையே அதுதான். மற்ற கடையில் துணி வெளுக்கும், பட்டன் போகும். என் கடையில் கொடுத்த துணி குறைபட்டுத் திரும்பாது. அதற்குக் காரணம் நான் என்று நினைத்திருந்தேன். இஸ்திரி அறைச் சுவரில் என் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தேன், "உடையும் ஒவ்வொரு பட்டனுக்கும் அரை நாள் கூலி பிடிக்கப்படும்." நெட்டை வந்த முதல் மாதம் ஆறு பட்டன் உடைந்தது, அடுத்த மாதக் கூலியில் பிடித்தேன். அதன் பிறகு ஒன்றுகூட உடையவில்லை. அடி உதவுகிற இடத்தில் அடி, அபராதம் உதவுகிற இடத்தில் அபராதம் என்று வியாபாரிகள் கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் போனதும் வக்கீல் அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியில் மாதக்கணக்காக வாங்கப்படாமல் தொங்கும் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பெரியப்பா, இங்க வாங்க. இந்தப் பட்டனைப் பாருங்க. மத்ததெல்லாம் மெஷின்ல தைச்சது, தட்டையா இருக்கு. இது ஒண்ணு மட்டும் கையால. அடியில நூலை நாலு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு."

அடுத்த சட்டையில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்று. எல்லாம் ஒரே கை. ஒரே நான்கு சுற்று. அதே நிற நூல், அதே அளவுப் பட்டன், தேடினால்தான் கண்ணில் படும். கடைசியில் அவள் தன் பையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டை எடுத்தாள். மேலிருந்து மூன்றாவது பட்டன். நான்கு சுற்று.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திறந்திருந்த இஸ்திரி அறைக்குள், எதிர்ச் சுவரில் என் பலகை. தினமும் அதைக் கடந்து போனவள் அன்றுதான் வாசித்தாள்.

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. பாலத்தைத் தாண்டிப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டே ஸ்டாப். இதுவரை அவளும் போனதில்லை, நானும் போனதில்லை. டயர் கடைக்கு மேல் இரண்டு அறை. திரும்பி வந்து அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கதவைத் திறந்த நெட்டை, "வா. உக்காரு. குடி" என்று தேநீரை நீட்டியிருக்கிறார். அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே நிறம் வாரியாக, ஓட்டை வாரியாகப் பட்டன்கள், நூல்கள். சூடான தகட்டில் மலிவான பட்டன் விரிசல் விடும், யார் போட்டாலும் விடும். வேதியியல் படிக்கிறவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

"ஏன் பெரியப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டிருக்கிறாள்.

"உடைஞ்சுதா? சொல்லு, அரை நாள் போ. சொல்லாத, வீட்டுக்குக் கொண்டு போ, தை, காலைல வை." தன் கணக்கை என் பாஷையிலேயே சொல்லியிருக்கிறார்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் மூலையில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நம் பிள்ளைகளோடு படிக்கிறவள், நம் பாஷையை நம்மைப் போலவே பேசுவாளாம்.

"நீங்கதானே 'நம்ம பக்கம்' அக்கா? நான் அதைப் பாத்துட்டே இருப்பேன். பஸ் வீடியோல இருந்து. எங்களுக்கும் அந்த பஸ் நிக்காது. நீங்க எங்களுக்கும் சேத்துத்தான் பேசறீங்கன்னு நெனச்சேன்."

ஆய்வுக்கூடத்து அவமானத்துக்குப் பெரியம்மா மடியில் அழுதவள், இதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். இருபது பேர் சிரித்ததை ஒருத்தி மேல் போடலாம். இதை யார் மேல் போடுவது?

அழுகையோடு முடிந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நெட்டைக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை கிடைப்பதாக இருந்தது. அங்குள்ள சூப்பர்வைசர் அம்மாள் முகத்தைப் பார்த்ததும், "வீடியோவில வந்த ஆளு நீதானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இடம் ஒன்றாம் தேதி வரை காலி. அதற்குள் அவர் பெயர் சுத்தமாக வேண்டும். இல்லாவிட்டால் வாடகைக்கு வழியில்லை.

வக்கீல் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். சட்டை சட்டையாகப் பட்டனைக் காட்டி, "திருடினது அவர் இல்ல, நான்தான். அவர் பேரை நான் திருடினேன்" என்றாள். நாலு நாளில் இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். பின்தொடர்ந்த பன்னிரண்டாயிரம் ஐயாயிரமாகச் சரிந்தது. நம்மவர்களே எழுதியதை இங்கே எழுதக் கூசுகிறது. செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, போர்த்தின பொன்னாடை மடிப்புக்கூடக் கலையல. அதுக்குள்ள நம்ம ஆளுங்களை விட்டுக் குடுத்துட்டியே."

"நம்ம ஆளுங்கன்னா யாரு மாமா?"

"இது என்ன கேள்வி? நம்ம... நம்ம ஆளுங்கதான்!"

"எனக்கும் போன மாசம் வரைக்கும் உடனே பதில் வந்துச்சு மாமா. இப்ப யோசிக்க வேண்டியிருக்கு."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம்தான் பேசினேன். கடைப் பெயர் போகிறது, போதும் நிறுத்து என்றேன். அவர் போனதும் வக்கீல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, நாளைக்கு ஹோட்டலுக்குப் போறேன். சட்டைகளோட."

"மூணு லட்சம் பேர் பாத்தாச்சு. வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறியா?"

"மூணு லட்சம் பேர் வேணாம். அந்த அம்மா ஒருத்தர் போதும். ஆனா அவங்க ஒண்ணு கேப்பாங்க. நல்லதுக்குத்தான் எடுத்துட்டுப் போனார்னா ஏன் ஒளிச்சு எடுத்துட்டுப் போனார்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்டதான் இருக்கு."

"எனக்கு நானே சாணி அடிச்சுக்கச் சொல்றியா?"

"வாளி தூக்கினதை மேடை மேடையாச் சொல்றீங்க. பலகை எழுதினதையும் ஒரு தடவை சொல்லுங்க."

உள்ளேயிருந்து பெரியம்மா, "போயிட்டு வாங்க. சலவைச் சட்டை எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. மறுநாள் காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பேங்க்கில் பணம் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன், எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. வழியில் பாலத்தைத் தாண்டி நெட்டையையும் ஏற்றிக்கொண்டோம்.

ஹோட்டல் பின்கட்டில், ஆளுயரத் துணி மூட்டைகளுக்கு நடுவில், வக்கீல் பதினாறு சட்டைகளைக் கம்பியில் மாட்டினாள். சூப்பர்வைசர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். தொழில் தெரிந்த கை. பிறகு வக்கீல் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்.

முப்பது வருட முதலாளி நான். எவனிடமும் தலை குனிந்ததில்லை. அந்த அம்மாளிடம் சொன்னேன், "நான் அபராதம் போட்டேன்மா. உடைஞ்சா கூலி பிடிப்பேன்னு எழுதி மாட்டினேன். அதுக்குப் பயந்து எடுத்துட்டுப் போனார். தப்பு பலகையில." நாக்கில் கல்லைக் கட்டினாற்போல இருந்தது. ஆனால் சொல்கிறேன், அதையும் நான் சொன்ன மாதிரி நறுக்கென்று இந்த ஊரில் வேறு எந்த முதலாளியும் சொல்லியிருக்க மாட்டான்.

அந்த அம்மாள் நெட்டையைப் பார்த்து, "ஒண்ணாம் தேதி ஆறு மணிக்கு வந்துடு" என்றார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மூட்டைகளுக்குள் நடந்தார்.

வாசலில் நான் இன்னொரு முயற்சியும் செய்தேன். "நெட்டை, கடைக்கே திரும்பி வாயேன். கூலி ஏத்தித் தரேன்."

அவர் ஹோட்டல் கதவை அண்ணாந்து பார்த்தார். "வேணாம் முதலாளி. இங்க வாசல் உயரம்."

வக்கீல் சிரித்துவிட்டாள். பிறகு அவர் முன்னால் போய் நின்று, இரண்டு மூச்சு நீளமான அவர் பெயரை முழுசாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். நடுவில் ஓர் இடத்தில் இடறினாள். அவர் திருத்தினார். மறுபடி சொன்னாள். அவர் மகள், அந்தச் சின்னப் பெண்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இப்போதும் "நம்ம பக்கம்" நடக்கிறது, ஐயாயிரத்து நூறு பேர். ஒருவரைப் பற்றிப் போடும் முன் நேரில் போய் அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். போன வாரம் பாலத்து ஸ்டாப்பில் நிற்காத பஸ்ஸைப் படம் பிடிக்க அந்தச் சின்னப் பெண்ணும் இவளும் சேர்ந்து போனார்கள். எண் நொண்டுகிறதே என்றேன். "நொண்டட்டும் பெரியப்பா, நடக்குதுல்ல" என்கிறாள்.

மறுபடி அன்றைய ஹோட்டல் வாசலுக்கு வருகிறேன். பையிலிருந்து பணக்கட்டை எடுத்து நீட்டினேன். நாளுக்கு ஒரு தாள், நாற்பத்தொரு தாள்.

அவர் வாங்கவில்லை. "கட்டாக் குடுக்காத. எண்ணு. சத்தமா எண்ணு." வக்கீலைப் பார்த்தார். "நீ படம் எடு."

"எதுக்குண்ணா? வேணாமே."

"அன்னைக்கு எடுத்த. இன்னைக்கும் எடு. என் பொண்ணுக்குக் காட்டு."

அவள் போனை எடுத்தாள். அவர் உள்ளங்கையை விரித்தார். ஒன்பது வருடம் என் இஸ்திரித் தகடு சுட்ட தழும்புகள் அதில் இருந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வைத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முப்பது வந்ததும் பிடித்தம் தீர்ந்தது. நாற்பத்தொண்ணு வந்ததும் நிறுத்தினேன்.

கை மூடவில்லை.

"என்னப்பா, சரியாத்தானே இருக்கு?"

போனைப் பிடித்தபடியே வக்கீல் சொன்னாள். "முதல் மாசம், பெரியப்பா. ஆறு பட்டன்."

ஆறு அரை நாள், மூன்று நாள். சட்டைப் பையைத் துழாவினேன். ஒரே ஒரு தாள் இருந்தது. மூன்று மெஷினும் இரண்டு வண்டியும் வைத்திருக்கும் நான் நடுத்தெருவில் நின்று தம்பி மகளைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டே மறு கையால் தன் பையைத் திறந்து இரண்டு தாள் நீட்டினாள்.

"நாப்பத்திரெண்டு" என்று என்னுடையதை வைத்தேன். "நாப்பத்திமூணு. நாப்பத்திநாலு" என்று அவளுடையதை வைத்தேன்.

கை மூடியது.